மணலில் ஒரு பழைய பிக்கப்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "வளைகுடாவில் எஞ்சினியர்களுக்கு உள்ள வாய்ப்புகள் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்றார். அதைப் பேச இந்த அரங்கிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளமும் என்னைவிட அதிகம். ஆகவே எனக்கு உண்மையிலேயே தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். ஒரு பழைய பிக்கப் வண்டியை மணலில் ஓட்டுவதற்கு எப்படித் தயார் செய்வது? அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி, மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

நான் ஓமானில், மஸ்கட்டில், பம்ப் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். மணல் எனக்குப் புதிது இல்லை. எங்கள் ஊர்த் தேரியில் சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பதநீர் எடுக்க வரும் வேன் சிக்கிக்கொண்டால் சக்கரத்துக்கு அடியில் பனை ஓலையைப் போட்டு ஏற்றுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த தைரியத்தில்தான் 2016-ல் ஒரு 1996 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் வாங்கினேன். இரட்டைக் கேபின், 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர். முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும். ஆனால் முன் சக்கரங்கள் இரண்டிலும் நடுவில் உள்ள 'ஹப்'பை நாமே இறங்கிப்போய்க் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

மஸ்கட்டிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில் பிதியா என்ற ஊர். அதற்குத் தெற்கே தொடங்குவதுதான் ஷர்க்கியா மணல்வெளி. வஹீபா மணல் என்றும் சொல்வார்கள். ஏறக்குறைய 12,500 சதுர கிலோமீட்டர். வட பகுதியில் மணல்மேடுகள் வடக்கு தெற்காக நீள வரிசையாக நிற்கும், சில இடங்களில் 100 மீட்டர் உயரம். இரண்டு வரிசைக்கு நடுவே பள்ளத்தாக்கு மாதிரி சமதளம். பதுயின் மக்கள் அந்தச் சமதளத்தில்தான் போய் வருகிறார்கள். சமதளத்திலேயே போனால் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் யாருக்கும் அப்படிப் போக மனசு வராது.

2017 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நானும், எங்கள் பணிமனையில் ஃபிட்டராக இருந்த ஒரு அண்ணாச்சியும் கிளம்பினோம். அவர் நான்குநேரிக்காரர், அப்போது வயது ஐம்பதுக்கு மேல், சர்க்கரை வியாதி உண்டு. பணிமனையில் என்னை 'சார்' என்பார், வெளியே வந்துவிட்டால் 'தம்பி'. மணல் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி டயர் காற்றை 35-லிருந்து 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். அண்ணாச்சி, "தம்பி, இன்னும் காத்தை எறக்குங்க, இது பத்தாது" என்றார். நான் மறுத்தேன். என்னிடம் கம்ப்ரெஸ்ஸர் கிடையாது. திரும்பி வரும்போது தார் ரோட்டில் பெட்ரோல் பங்க் வரை குறைந்த காற்றோடு ஓட்ட வேண்டுமே என்ற பயம். அப்புறம் வலது முன் ஹப்பைப் பூட்டினேன். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். பேசிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டேன்.

14 கிலோமீட்டர் ஜம்மென்று போனோம். ஒரு மேட்டின் பக்கவாட்டில் ஏறியபோது வண்டி தயங்கியது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின் சக்கரங்கள் அச்சு வரை இறங்கின. மணி காலை பத்தரை, வெயில் 44 டிகிரி. இரண்டு பேரும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் போட்டு மூன்று மணி நேரம் தோண்டினோம். தோண்டுவது, மிதிப்பது, இன்னும் ஒரு சாண் இறங்குவது. பத்து லிட்டர் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம். அதில் கொஞ்சத்தை நான் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டேன். ஒரு மணிக்கு மேல் அண்ணாச்சிக்கு வியர்வை நின்றுபோனது. கேட்டால் பதில் கோர்வையாக வரவில்லை. அவரை வண்டிக்கு அடியில் நிழலில் படுக்க வைத்து, துண்டை நனைத்து நெஞ்சில் போட்டுவிட்டு, போன் சிக்னல் தேடி மேட்டின் உச்சிக்கு ஏறினேன். அந்த ஏற்றத்தில் நான் நினைத்ததை எல்லாம் இங்கே சொல்ல மாட்டேன். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனசில் வந்தது.

சிக்னல் ஒரு கோடு கிடைத்தது. மஸ்கட்டில் நண்பன், "மூணு மணி நேரத்துல வர்றேன்" என்றான். அவனுக்கு முன்னால் வேறொருவர் வந்துவிட்டார். நான் உச்சியில் நின்று கையை ஆட்டியதை எங்கிருந்து பார்த்தாரோ, பழைய லேண்ட் குரூஸர் பிக்கப்பில் ஒரு பதுயின் பெரியவர். அந்த வண்டியை அந்தப் பக்கம் 'ஷாஸ்' என்பார்கள். முதலில் அண்ணாச்சிக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். பிறகு என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது முன் சக்கரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்தார். கையை நீட்டி ஹப்பைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம்.

மூன்று மணி நேரமாக என் வண்டி வெறும் இரு சக்கர இழுவை வண்டியாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு பக்க ஹப் பூட்டாமல் இருந்தால், முன் டிஃபரென்ஷியல் பூட்டாத பக்கத்து அச்சைச் சும்மா சுற்றிவிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசை என்பதுதான் சாதாரண டிஃபரென்ஷியலின் தர்மம். ஒரு பக்கம் பூஜ்ஜியம் என்றால் மறுபக்கமும் பூஜ்ஜியம். ஆறாவது செமஸ்டரில் இந்தக் கேள்விக்குப் படம் போட்டு விடை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். (பேராசிரியர் முன் வரிசையில் சிரிக்கிறார். சார், மன்னிக்கணும்.)

பெரியவர் அதோடு நிற்கவில்லை. "ஹவா, ஹவா" என்று சொல்லிக்கொண்டே ஒரு குச்சியால் ஒவ்வொரு வால்வையும் அழுத்திக் காற்றை இறக்கினார். டயரின் பக்கச் சுவர் நன்றாகப் பிதுங்கும் வரை விட்டார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் தள்ளினார். ரிவர்ஸில், வந்த தடத்திலேயே, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் எடுக்கச் சொன்னார். வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வந்தது. பணம் கொடுக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணாச்சி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸோடு படுத்திருந்தார். ஊருக்குப் போனில் 'ஜலதோஷம்' என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். இதையெல்லாம் முதலில் முறையாகச் செய்தவர்களில் ஒருவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, எஞ்சினியரிங் படித்தவர். 1920-களிலும் 30-களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைக் கடந்தவர். கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்த எஃகுத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு வண்டியை வெளியே எடுத்தார். எங்கள் ஊர்ப் பனை ஓலை செய்த அதே வேலை. பிறகு அந்த மணலையே ஆராய்ந்து 1941-ல் காற்றடிக்கும் மணலின் இயற்பியல் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்றைக்கும் அந்தத் துறையில் அதைக் கையில் எடுக்காதவர் இல்லை. விடுமுறையில் கார் ஓட்டப் போய் ஒரு துறைக்கே அடிப்படை நூல் எழுதியவர்!

சரி, வண்டிக்கு வருவோம். முதலிலும் கடைசியிலும் டயர்தான். ஒரு தோராயக் கணக்கு போடுவோம், பேனா தேவையில்லை. ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 2,000 கிலோ. சக்கரத்துக்கு 500 கிலோ. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். 35 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.5 கிலோ. தரையைத் தொடும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். டயர் அகலம் 20 என்றால் தொடும் நீளம் வெறும் 10 சென்டிமீட்டர். 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பரப்பு 475-ஐத் தொடும். அகலம் பெரிதாகக் கூடாது, நீளம்தான் 24 சென்டிமீட்டர் ஆகும். பலர் நினைப்பதுபோல் காற்றை இறக்கினால் டயர் அகலமாவதில்லை, ராணுவ டாங்கியின் பட்டை மாதிரி நீளமாகிறது. ஒரே பரப்புக்கு, அகலமாக இருப்பதைவிட நீளமாக இருந்தால் மணலில் பள்ளம் உழும் வேலை குறைவு. பெக்கர் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கில் காட்டினார். அவருடைய ஆய்வுதான் பின்னால் 1971-ல் நிலவில் ஓடிய வண்டிக்கும் உதவியது. அந்தச் சக்கரத்தில் காற்றே கிடையாது, கம்பி வலை. அங்கே பெட்ரோல் பங்கில் காற்றடிக்க ஆள் இல்லையே!

இப்போது நான் 15-ல் ஆரம்பிக்கிறேன். ரொம்ப இளகிய மணல் என்றால் 12. பத்துக்குக் கீழே போனால், சட்டென்று திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டியூப் உள்ள பழைய டயர் என்றால் இன்னும் ஜாக்கிரதை. டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றினால் வால்வு பிய்ந்துபோகும். காற்று குறைவாக இருக்கும்போது வேகமும் குறைவாக இருக்க வேண்டும். பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும்.

பழைய பிக்கப்பில் இன்னொரு சங்கடம், சரக்கு ஏற்றுவதற்கான கெட்டி டயர் போட்டிருப்பார்கள். காற்றை எவ்வளவு இறக்கினாலும் பிதுங்காது. நான் 31 அங்குல விட்டமுள்ள, பக்கச் சுவர் மெல்லிய டயருக்கு மாறினேன். சேற்றுக்கான பெரிய பெரிய கட்டை வைத்த டயரை வாங்கிவிடாதீர்கள். பார்க்க வீரமாக இருக்கும், மணலில் மண்வெட்டி வேலை செய்யும். பழைய டயர் ஏறக்குறைய 29 அங்குலம். ஆகவே புதியதில் கியர் விகிதம் 7 சதவீதம் 'உயர்ந்து' இழுவை குறைந்தது. ஸ்பீடாமீட்டர் 100 காட்டினால் உண்மையில் 107. மணலில் இழுவைக் குறையை லோ ரேஞ்சில் இரண்டாம், மூன்றாம் கியரில் சரிக்கட்டுகிறேன். அப்படிச் செய்யாமல் கிளட்சை அரைத்து ஓட்டினால் ஒரே மத்தியானத்தில் கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வரும்.

அடுத்தது எடை. கொக்கி, வின்ச், இரும்பு பம்பர், கூரை மேல் தட்டு என்று நம்மவர்கள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வண்டியை அலங்கரிப்பார்கள். அத்தனையும் மணலுக்குள் இறக்கும் பாரம். வின்ச் கயிற்றை மணல்வெளியில் எதில் கட்டுவது, சொல்லுங்கள்? மரமா இருக்கிறது? காலி பிக்கப்பில் எஞ்சின் பாரம் முழுக்க முன்னால், பின்பக்கம் காற்று. அதனால் தண்ணீர், பெட்ரோல் கேன், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தாழ்வாக, ஆடாமல் கட்டுகிறேன். வண்டியை உயர்த்தவும் இல்லை. தொய்ந்துபோன பின் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை சேர்த்தேன், அவ்வளவுதான். மேட்டின் சரிவில் கவிழ்ந்தவர்களில் உயர்த்திய வண்டிக்காரர்கள்தான் அதிகம் என்பது என் கண்ணுக்குத் தெரிந்த வரையில் உள்ள கணக்கு.

எஞ்சின் சூடு பழைய வண்டியின் பரம வைரி. மணலில் பாரமோ அதிகம், வேகமோ குறைவு. பின்னாலிருந்து காற்று வீசினால் ரேடியேட்டருக்குள் காற்றே போகாது. இருபது வருட உப்புத்தண்ணீர் படிந்த ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே உள்ள குழாய்க்கூட்டை மாற்றினேன். மின்விசிறியின் கிளட்ச் புதுசு. விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டை முந்தைய சொந்தக்காரர் தூக்கி எறிந்திருந்தார். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து மாட்டினேன், அதற்கே பாதிப் பலன் தெரிந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். மூடியைக் கவனியுங்கள். 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வாஷர் போய்விட்டால் 100-லேயே கொதித்துவிடும். பாக்னால்ட் இதற்கும் வழி கண்டார். ரேடியேட்டரிலிருந்து வரும் ஆவியைக் குழாய் வழியாக ஒரு தண்ணீர் கேனுக்குள் விட்டார். கேன் கொதித்ததும் வண்டியைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துவார். ஆறியதும் ரேடியேட்டர் அந்தத் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். குடிதண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிய நான் இதைப் படித்தபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

கார்புரேட்டர் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் மூச்சடைத்து நிற்கும், மிதவை அறையில் பெட்ரோல் சாய்ந்துவிடுவதால். அதற்கு மிதவை மட்டத்தைச் சரிபார்த்தேன். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி வைத்து ஒரு தகடு மறைத்தேன். காற்று வடிகட்டிக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் எத்தனை நல்ல வடிகட்டியும் வீண். இணைப்பின் உள்ளே லேசாக கிரீஸ் தடவி வையுங்கள், அடுத்த தடவை திறக்கும்போது அதில் தூசி ஒட்டியிருந்தால் கசிவு. டிஃபரென்ஷியலின் மூச்சுக்குழாயையும் ஒரு நீள ஹோஸ் போட்டு மேலே ஏற்றிவிட வேண்டும். சூடான பெட்டி ஆறும்போது உள்ளே இழுக்கும் காற்றில் மணலும் போகும்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சிக்கிய வண்டியை இழுக்க, டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டாதீர்கள். கப்பலில் கட்டி வைப்பதற்கான மெல்லிய வளையத்திலும் கட்டாதீர்கள். நீளும் நைலான் கயிறு ரப்பர் வில் மாதிரி சக்தியைச் சேர்த்து வைக்கும். உருண்டை உடைந்தால் பீரங்கிக் குண்டுதான், ஆட்கள் செத்திருக்கிறார்கள். சட்டத்தில் நேரடியாக, உயர் ரக போல்ட் போட்டு மாட்டிய கொக்கி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. என் வண்டியில் அதிகச் செலவு செய்தது அதற்குத்தான். இழுக்கும்போது மற்றவர்கள் கயிறு நீளத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும்.

ஓட்டுவது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது கையும் கண்ணும் கற்கும் வித்தை. நிறுத்த வேண்டுமா, இறக்கத்தில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதிக்காமல் உருண்டு நிற்கட்டும். பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் ஆப்பு வைத்த மாதிரி குவியும். மேட்டின் வழுக்குப் பக்கம் 32, 34 டிகிரி சாய்வு. அதில் நேராக இறங்குங்கள், குறுக்கே போகாதீர்கள். வண்டி பக்கவாட்டில் சரிய ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கைப் பள்ளத்தை நோக்கித் திருப்புங்கள், மனசு எதிர்ப் பக்கம் திருப்பச் சொன்னாலும். உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் இறங்கி நடந்துபோய்ப் பாருங்கள். காலை ஈரத்தில் மணல் கெட்டியாக இருக்கும். அதை நம்பி உள்ளே போனவன் மத்தியானம் அதே மணலில் திரும்ப வர வேண்டும்.

இப்போது எங்கள் வண்டியில் இரண்டு மண்வெட்டி, இரண்டு தகடு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தேக்குப் பலகை, உயரக் கம்பில் ஒரு சிவப்புக் கொடி, காற்றடிக்கும் கம்ப்ரெஸ்ஸர், ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர். மே முதல் செப்டம்பர் வரை உள்ளே போவதில்லை. எப்போது போனாலும் இரண்டு வண்டி. இந்த விதிகளைப் போட்டவர் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வாரம், ஓட்டுநர் பக்கத்து வெயில் தடுப்பின் மேல் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு வரி எழுதிவிட்டார். 'இடது ஹப். வலது ஹப்.' அவ்வளவுதான். 2022-ல் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். பெயிண்ட் கொஞ்சம் உரிந்திருக்கிறது, நான் அதைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது தார் ரோட்டு ஓரத்தில் நாலு டயருக்கும் காற்றடிக்க அரை மணி நேரம் ஆகும். கம்ப்ரெஸ்ஸர் சத்தத்தில் பேசவும் முடியாது. பிளாஸ்கில் மிச்சம் இருக்கும் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா நிற்போம். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் மாணவர்கள் முதலில் கேளுங்கள்.